மதாமின் பச்சை அறையும் ஈசான மூலையும்

பெயின்ற் வேலை செய்கிறவனுக்குச் சுவரால் வரும் கரைச்சலைவிட, சுவருக்குச் சொந்தக்காரரால் வரும் கரைச்சல்தான் அதிகம். ஏணியில் நின்று கழுத்துப் பிடித்துக்கொண்ட சகோதரர்களே, இதை உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில், நம்மவர் சேலைக்கடைகளுக்குப் பின்னால், ஒரு முடக்கில் பழைய வீடொன்று இருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில், ரயில்பாதை வேலைக்கு வந்த ஆங்கிலேய எஞ்சினியர் ஒருவர் தன் நாட்டு முறைப்படி கட்டியது. இப்போது அதில் கணவனை இழந்த ஒரு பிரெஞ்சு மதாம் தனியாக இருக்கிறார். வரவேற்பறையை அந்தக் காலத்து அலங்காரத்துக்கே திருப்பித் தரச் சொன்னார். பிடித்தால்தான் மேல்மாடி வேலையும் எனக்கு. பல வருடம் பிறத்தியாருக்குக் கீழே வெள்ளை அடித்த நான் என் பெயரில் எடுத்த முதல் வேலை. சறுக்கினால் பழையபடி பிறத்தியாரின் ஏணிதான். துணைக்கு மன்னார் அந்தோனி அண்ணையைக் கூப்பிட்டேன். புறநகர் பியர்ஃபித்திலிருந்து வருவார், கையும் வேகம், வாயும் வேகம்.

கரும்பச்சை

நம்மவர் வீடென்றால் பேச்சுக்கே இடமில்லை: வெள்ளை, இல்லாவிட்டால் கிறீம். மதாமோ சுவரின் கீழ்ப்பாதிப் பலகைக்குக் கரும்பச்சையும் கதவுகளுக்கு ஈரல் நிறச் சிவப்பும் கேட்டார். அந்தக் காலத்தில் இருட்டுத்தான் அழகாம். முதல் பூச்சுக் காய்ந்ததும் அந்தோனி அண்ணை தள்ளி நின்று பார்த்தார். "தம்பி, மனிசி இஞ்சை ஆக்களை இருத்தப் போகுதோ, தவளை வளக்கப் போகுதோ?"

சுவருக்குள் மாமியார்கள்

பழைய சுவர்த்தாளை நனைத்து உரித்தோம். ஒன்றுக்குக் கீழே இன்னொன்று வந்துகொண்டே இருந்தது: கோடு, அதன் கீழே ரோசாப்பூ, அதன் கீழே ஏதோ பழக்கூடை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சுரண்டும் கரண்டியை அழுத்தி இழுத்தேன். மதாம் கோப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றபடி சொன்னார்: "கொஞ்சம் மெதுவாக, மிஸ்யூ. ரோசாப்பூ என் மாமியார், பழக்கூடை அவருடைய மாமியார். ஒருவரையொருவர் மூடி மறைப்பதுதான் இந்தக் குடும்பத்தின் வழக்கம்."

திராட்சைக் குலை

கூரையின் நடுவில், விளக்குத் தொங்கும் இடத்தில் ஏதோ வீங்கிய வட்டம் இருந்தது. பூச்சுக்கு மேல் பூச்சு அடித்து அடைத்து வைத்திருந்தார்கள். அந்தோனி அண்ணை பல்துலக்கும் பிரசால் மெல்லச் சுரண்ட, சாந்தில் செய்த திராட்சைக் குலையும் இலையும் கொடியும் வெளியே வந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது. அண்ணை ஏணியிலிருந்து இறங்கவில்லை. "எங்கடை ஊர்க் கோயில் பீடத்திலை இது இருந்தா முழந்தாளிலை நிப்பம். இஞ்சை இதுக்குக் கீழை இருந்து சூப் குடிச்சிருக்கினம்!"

ஈசான மூலை

கடைசியாகப் புதுச் சுவர்த்தாள். பழைய பாணியில், அளவுக்கென்றே அச்சடித்து வந்தது. மேலதிகமாக ஒரு சுருள்கூட இல்லை. ஒரு தாளில் ஒரு பெரிய பறவை, அடுத்த தாளில் அதன் இணை. மனைவி ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் நல்ல நேரம் கேட்டு வந்தாள். ஈசான மூலையில் தொடங்கச் சொன்னது அவளுடைய சொந்தச் சேர்க்கை. நானும் போனில் திசை பார்த்து, வடகிழக்கு மூலையில் பிள்ளையாரை நினைத்து முதல் தாளை ஒட்டினேன். அண்ணை தன் பங்குக்குச் சிலுவை அடையாளம் போட்டார்.

வெறும் கோட்டுத் தாள் என்றால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். இந்த மாதிரி இணைப் படத் தாளை, நெருப்பு மூட்டும் கணப்புக்கு மேலே, நட்டநடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். வருகிறவர்கள் கண் முதலில் போவது அங்கேதான். அறையைச் சுற்றிக் கணப்புக்கு வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. நடுவில் ஒற்றைப் பறவை நின்றது. இணையோ கணப்புச் சுவரின் விளிம்பைத் தாண்டி, அடுத்த பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது. உரித்தால் தாள் கிழியும். மேல்மாடியும் போச்சு, என் பெயரும் போச்சு.

மதாம் வந்தார். நான் ஈசான மூலைக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கணப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "இணை போன பிறகும் அது நெருப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான். தொடாதீர்கள், மிஸ்யூ. மேல்மாடியை எப்போது தொடங்குகிறீர்கள்?"

சகோதரர்களே, பிள்ளையார் எந்த மூலையில் கூப்பிட்டாலும் கோபிக்காமல் வருவார். சுவர்த்தாள்தான் நடுவில் தொடங்காவிட்டால் மானத்தை வாங்கிவிடும்.