பத்தடிக்கு ஸ்க்ரூவா, ரேக்கா?

அரியலூர் சிமெண்ட் ஆலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். அந்தத் தூசியிலிருந்து தப்பிக்க, கம்ப்யூட்டர் சொல்கிறபடி கதவில் பூ செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்றை நானே செய்யத் தொடங்கினேன். இரண்டாயிரத்து ஆறில் அதைச் சொன்னால் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. ஒரு மாதம் லீவு. அதற்குள் மெஷின் ஓடாவிட்டால் மறுபடி ஷிப்டுதான் என்று மனைவியிடம் நானே வாயை விட்டிருந்தேன்.

தகரக் கொட்டகையில் பத்தடி இரும்புப் படுக்கை தயார். மோட்டாரும் வந்துவிட்டது. செதுக்கும் தலையை எதைக் கொண்டு நகர்த்துவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். மரை வெட்டிய நீளத் தண்டு, அதாவது ஸ்க்ரூ, துல்லியமானது. ஆனால் பத்தடி நீளத்தில் வேகமாகச் சுற்றினால் நடுவில் கொடிக்கயிறு போல ஆடும். பல் வெட்டிய இரும்புப் பட்டை, அதாவது ரேக், ஆடாது. ஆனால் திசை திரும்பும்போது பல்லிடுக்கில் கொஞ்சம் ஏமாற்றும், கோடு பிசகும். காலையில் ஸ்க்ரூ என்பேன், மத்தியானம் ரேக் என்பேன். சோறு இறங்கவில்லை.

"ரெண்டுல ஒண்ண வாங்கிட்டு வாங்க. நீங்க நடக்கிற நடையில கொட்டாயி தரையே பள்ளமாயிடும் போல," என்றாள் மனைவி.

ஸ்க்ரூ என்று முடிவு செய்துகொண்டுதான் திருச்சிக்குப் போனேன். கடையில் அதன் நீளத்தைப் பார்த்ததும் பஸ் ஞாபகம் வந்தது. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பஸ் கூரையில் குதித்து வந்தால் வளைந்துவிடும். வளைந்த ஸ்க்ரூ பழைய இரும்புக்குத்தான் ஆகும். ரேக் துண்டு துண்டாகக் கிடைத்தது. சற்று வளைந்தாலும் படுக்கையோடு போல்ட் போட்டு இறுக்கினால் நேராகிவிடும். ரேக்கையே வாங்கினேன். வாங்கிய நிமிடமே எரிச்சல் வந்தது. மெஷினுக்கு ஏற்றதை வாங்கினேனா, பஸ்ஸுக்கு ஏற்றதையா? பாடாலூரில் டீக்கு நிறுத்தியபோது, திருச்சிப் பக்கம் போன பஸ்களை எட்டி எட்டிப் பார்த்தேன்.

லீவின் கடைசி நாளில் மெஷின் பலகையில் ஒரு வட்டம் போட்டது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் நூலளவு தள்ளி நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியலில் குளித்து, காக்கிச் சட்டையை மாட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸ் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது.

"சோறு கட்டலையா?"

"ஓடலன்னாத்தான ஷிப்டுக்குப் போவேன்னீங்க? மெஷினுதான் ஓடுதே," என்றாள் அவள். "சட்டைய மாத்துங்க."