ரேணுகாம்பாளின் இரண்டாவது மாலை

டிவி சீரியலில் ஒருத்தரைத் தீர்த்துக்கட்ட விஷமோ லாரியோ தேவையில்லை. பத்து நாள் லீவு கேட்டால் போதும். ரேணுகாம்பாள் கேட்டாள், புருஷன் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது. காரியம் முடித்துத் திரும்பிப் போனால், செட்டுச் சுவரில் அவளுடைய போட்டோவுக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். ஆறு வருஷம் மாமியாராக மிரட்டியவளின் தொழில் அதோடு சரி.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே போனால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்று ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். இங்கேயும் விட்டார்களா என்ன. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் செத்த அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்பார்கள். ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். மறுநாளிலிருந்து பேச ஆளிருக்காது. பால் பாக்கெட் வாங்கும்போது சொல்லும் இரண்டு வார்த்தைதான் சில நாள் அவளுடைய மொத்தப் பேச்சும்.

நாலு வருஷம் கழித்து ஒரு போன் வந்தது. ஏதோ அமெரிக்க நாவலை உரிமை வாங்கித் தமிழில் படமாக எடுக்கிறார்களாம். நாயகனின் அம்மா வேடம் அவளுக்கு. கீழ்வீட்டு வினோதினி கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்ப்பவள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன புத்தகக் குவியலில் அந்த நாவலையே தேடிப் பிடித்து, தமிழில் சொல்லிக் காட்டினாள். வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்த மகனிடம் அந்த அம்மா ஒரு அத்தியாயம் முழுக்கப் பேசுகிறாள்.

"பூராவும் நான்தான் பேசுறனா?" என்று ரேணுகாம்பாள் மூன்று தரம் கேட்டாள். சீரியலில் அவளுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும், மீதிக்கெல்லாம் முறைக்க வேண்டும்.

கேட்டதைத் தன் பேச்சில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, ஒரு மாதம் அதனிடம் பேசினாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அதனாலேயோ என்னவோ, சொல்ல நிறைய இருந்தது.

ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் உதவி இயக்குநர் திருமலை கூப்பிட்டான்.

"கதைய கொஞ்சம் மாத்திட்டோம்மா. அம்மா முன்னாடியே செத்துட்டாங்க. நீங்க வர வேணாங்க, நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க, போதும்."

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த போனும் வராதே என்ற பயம். போட்டோவை அனுப்பிவிட்டாள். நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டாள்.

படம் வந்ததும் பகல் காட்சிக்குத் தனியாகப் போனாள். இடைவேளைக்குப் பிறகு திரை முழுக்க அவள் முகம் வந்தது, மாலையும் பொட்டுமாக. நாயகன் எதிரே நின்று தேம்பினான்.

"ஒரு வார்த்த பேசும்மா."

ரேணுகாம்பாள் பேசினாள். நோட்டில் எழுதியது முதல் வரியிலிருந்து தானாக வந்தது.

முன் சீட்டுக்காரர் திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தார். திரையிலும் அதே முகம்தான் இருந்தது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"படம் பாக்க வுடுங்கம்மா" என்றார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், நிறுத்தவில்லை. திரையில் அடுத்த பாட்டே வந்துவிட்டது. அவள் மகனிடம் சொல்ல வேண்டியதைக் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள்.