காப்புக் கட்டிய ஊரில் கேட்கப்பட்ட ஜெபம்

அன்பான விசுவாச குடும்பத்தாரே, என் மூச்சை இந்த நாள்வரை காத்துவரும் ஆண்டவருக்கே மகிமை. ஒரு பிள்ளையின் மூச்சைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். சொந்த ஊர் ஜெயமங்கலம். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு மாற்றலாகி வந்தேன். துணை சுகாதார நிலையத்தின் பின்னறைதான் என் வீடு. அந்த ஊரில் கிறிஸ்தவள் நான் ஒருத்திதான். ஆராதனைக்கு உத்தமபாளையம் போக பஸ் ஏற வேண்டும். திரும்பி வந்தால் பேச ஆள் கிடையாது. சமைத்ததை நானே சாப்பிட்டு, நானே பாத்திரம் கழுவுவேன்.

வந்த வருடத் திருவிழாவில் ஒரு வீட்டில் எனக்குப் பொங்கல் கொடுத்தார்கள். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். என் விசுவாசத்தில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் குழம்புகூட என் வாசலுக்கு வரவில்லை. மருந்துக்கு மட்டும் வருவார்கள். அது எனக்கு மிகவும் வலித்தது.

ஆடி மாதம் கேரளப் பக்கமிருந்து சாரல் அடிக்கும். வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு விறகடுப்பு எரிப்பார்கள். புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். வீடு வீடாகப் போய், தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பேன். அடுப்பை வெளியே வையுங்கள் என்பேன். இருமுகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். "நர்சம்மா வந்துட்டாக, சட்டையத் தூக்குங்கடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கேலி செய்யவாவது என்னோடு பேசினார்களே.

போன வருடம் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், ஈஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவன் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறான். வீட்டில் அவளும் மாமியாரும் பத்து மாதப் பெண் குழந்தையும்தான். பிள்ளை பால் குடிக்க மறுத்தது. சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. எண்ணினேன்; மூச்சு அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடியது. நிமோனியா. முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

மாமியார் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"காப்புக் கட்டியாச்சு நர்சம்மா. பகல்ல எங்கனயும் போகலாம். ராத்திரி வெளியூர்ல தங்கப்பிடாது. முந்தி ஒருத்தன் மீறிப் போயி, மாடு ரெண்டும் விழுந்துபோச்சு."

"பிள்ளைக்கு ஆக்சிஜன் வைக்கணும், அம்மா. சாயங்காலமே அனுப்ப மாட்டாக."

"ஆத்தா பாத்துக்கிருவா" என்று அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். கல்நெஞ்சக்காரி இல்லை; பயந்துபோனவள். ஈஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிலையத்துக்கு ஓடினேன். கதவைச் சாத்தினேன். முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்த ஊரில் எனக்கென்று யாருமே இல்லை. என் பேச்சை யார் கேட்பார்கள்? அந்தப் பிள்ளைக்கு ஒரு வழியைத் திறந்து கொடும்" என்று கதறினேன். அவ்வளவு தனியாக நான் என் கணவரின் அடக்கத்தன்றுகூட இருந்ததில்லை.

அப்போது கோவில் பூசாரியின் முகம் என் மனதில் வந்தது. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். மறுபடியும் அதே முகம். எழுந்து போனேன்.

கோவில் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அந்தப் பக்கம் நான் போனது அதுவே முதல் தடவை. கையில் மஞ்சள் காப்போடு பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நர்சம்மா, இங்கன வந்து நிக்கிறீக?"

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார். "மூச்சு எண்ணுனீகளா?"

"எண்ணிட்டேன். பிள்ளை தாங்காது."

வேப்பிலையைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு என் கூடவே வந்தார். பிள்ளையின் நெஞ்சில் குழி விழுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு மாமியாரிடம் சொன்னார்: "பால் குடிக்கிற பிள்ளைக்கும், பால் குடுக்குற தாய்க்கும் ஆத்தா எல்லை போடல. குடுத்தனுப்பு."

"குத்தம் வந்தா?"

"வந்தா என் தலையில வரட்டும். காப்பு என் கையிலதான இருக்கு."

மாமியாரின் கை தளர்ந்தது. பூசாரி பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசி என்னிடம் தந்தார்.

அதை நான் துடைக்கவில்லை. உங்களில் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும், தெரியும். ஆம்புலன்சில் ஈஸ்வரியின் மடியில் கிடந்த பிள்ளையின் தலைமேல் கைவைத்து வழியெல்லாம் ஜெபித்தேன். இறங்கியபோது என் விரலிலும் திருநீறு ஒட்டியிருந்தது. ஆண்டவர் என்மேல் கோபப்படவில்லை என்றே நம்புகிறேன்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் சட்டையைத் தூக்கி எண்ணினேன். மூச்சின் வேகம் குறைந்திருந்தது. அந்த வார்டில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்!

இந்த வருடம் காப்புக் கட்டும் முன்னால் கோவில் மைக்கில் பூசாரியின் குரல் கேட்டது. "இருமுற பிள்ளைகள மொதல்ல நர்சம்மாட்ட காட்டிட்டு வாங்க. பெறகுதான் காப்பு." நிலையத்து வாசலில் இடம் போதவில்லை. பெண்கள் தாங்களாகவே சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள்.

பொங்கல் வைத்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போல் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரோ தட்டினார்கள். ஒரு கையில் தூக்குவாளியும் இடுப்பில் பிள்ளையுமாக ஈஸ்வரி நின்றாள்.

"படைக்கிறதுக்கு முந்தியே உங்களுக்குன்னு எடுத்துட்டேன், நர்சம்மா. பூசாரியக் கேட்டுத்தான் எடுத்தேன். எடுத்துக்கன்னு சொல்லிட்டாக. இத நீங்க சாப்பிடலாம்ல?"

அந்த ஊரில் சாமிக்குப் படைக்கும் முன்னால் யாருக்கும் எடுத்து வைத்ததில்லை. நான் பிள்ளைக்காக மட்டும்தான் ஜெபித்தேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

உங்களில் தனியாக இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள். ஆனால் எழுந்ததும் திறந்து பாருங்கள். உதவி யாருடைய காலில் நடந்து வரும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அன்று பொங்கல் இன்னும் சூடாகவே இருந்தது. நானும் ஈஸ்வரியும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.