கார்டின் பல்லில் ஒரு சிவப்புப் பொட்டு

நகத்துக்குச் சாயம் பூசுகிறவர் யாருமே இல்லாத வீட்டில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பாலிஷ் குப்பி இருந்தது. தீர்ந்துபோனால் வசந்தகுமாரே புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு பஜாரில் இன்னொன்று வாங்கிவருவார். மகளுக்கா, வீட்டம்மாவுக்கா என்று கடைக்காரர் சிரித்தால் சில்லறையை எண்ணி வைப்பார். மிக்ஸி பழுதுக்குப் போகிறதென்றால் முந்தைய நாளே அதைக் கவிழ்த்துப்போட்டு, அடிமூடியைக் கழற்றி, உள்ளே எங்கோ ஒரு பொட்டு வைத்து, ஊதி ஊதி உலர்த்துவார். இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் டைனமோ, தண்ணீர் மோட்டார் எதுவும் தப்பவில்லை. பொருள் திரும்பி வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். பொட்டு இருந்தால்தான் அது வீட்டுக்குள் வரும்.

எந்த இடத்தில் வைத்தார் என்பதை மனைவி வனஜாவிடம்கூடச் சொன்னதில்லை. "சொல்லிட்டா அப்பால அது இன்னா அடையாளம்?" என்பார்.

அவருக்கு ராணுவ டெப்போவில் ஸ்டோர் வேலை. பெட்டி வந்தால் பிரித்து, எண்ணி, எண்களை ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் ஒரு சொட்டுப் பெயின்ட் வைப்பார். அவர் பெயின்ட் வைத்த பெட்டியை மறுபடி யாரும் எண்ணமாட்டார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க இருபது வருஷம் ஆனது. வீட்டுப் பொட்டுக்குக் காரணம் வேறு. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை எண்பத்தெட்டில் ஒரு கடையில் பழுதுக்குக் கொடுத்து வாங்கினார். மேலே அதே கண்ணாடி, அதே முள். உள்ளே வேறு எந்திரம். ஆறு மாதத்தில் நின்றுபோய், இன்னொரு கடையில் பிரித்தபோதுதான் தெரிந்தது. மாமனாரிடம் சொல்ல வாய் வராமல், ஓடாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே இரண்டு பொங்கலுக்குக் குடியாத்தம் போய்வந்தார்.

மகள் கிரிஜா இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். 2003இல் கம்ப்யூட்டர் பட்டம் கையில் இருந்தது, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்ததும், அப்பா தீபாவளிக்கு முன்பணமாக எடுத்ததும் சேர்ந்து ஒரு மெஷினுக்குத் தேறியது. வேலை தேடப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி கம்ப்யூட்டரில் ஆடும் கார் பந்தயம்.

அந்தப் பந்தயத்தை அவள் கற்றுக்கொண்டது பஜாரில் இருந்த ஆரோக்கியமேரியின் பிரவுசிங் கடையில். அரக்கோணத்துக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது, கணவர் சிக்ஸ் சீட்டர் ஆட்டோ ஓட்டினார். பக்கத்து ஊரான பிம்ப்ரியில் ஆறு மாத ஹார்டுவேர் படிப்பு முடித்துவிட்டு, முன்பக்கம் ஆறு மெஷின் போட்டு, பின்பக்க மேசையில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகளுக்குப் பூட்டியாயிற்று. இன்னும் எட்டு வீடுகள் தீபாவளிக்கு என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தன.

"தனியா எதுக்கும்மா இந்தப் படம் காட்டற கார்டு? அது இல்லாமலே ஓடும்னு எங்க ஆபீஸ் பட்டாபிராமன் சார் சொன்னாரு" என்றார் வசந்தகுமார், ஆரோக்கியமேரி எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து.

"ஓடும்ணா. லெட்டர் அடிக்க, கணக்குப் போட நல்லா ஓடும். பாப்பா கார் ஓட்டுனா முட்டிக்கினு நிக்கும்."

"கார் ஓட்டுனாவா?"

கிரிஜா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஆரோக்கியமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பட்டம் வாங்கிக்கினு கார் வெளையாடப் போறா" என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. ஆனால் கார்டை அடிக்கவில்லை. பட்டியலில் அடுத்த வரிக்குப் போனார். மெஷினின் வெளிக்கூடான கேபினெட்டோடு இலவசமாக வருகிற பவர் சப்ளை வேண்டாம், தனியாக ஒன்று வாங்கலாம் என்று அங்கே எழுதியிருந்தது.

"சும்மா குடுக்கறத வேணாங்கற. காசுக்குக் குடுக்கறத வாங்குன்ற. இது இன்னா நாயம்?"

ஆரோக்கியமேரி இரண்டு பவர் சப்ளைகளை எடுத்து அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தாள். ஒரு கை சட்டென்று கீழே இறங்கியது. எடை அவருக்குப் புரிகிற பாஷை. "சரி, தனியாவே வாங்கு" என்றார்.

மூவரும் லோக்கல் ரயிலில் புனே போய், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தப்கீர் கல்லியில் ஒரு பகல் முழுக்க அலைந்து எல்லாவற்றையும் வாங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த எண்ணை அப்பா நோட்டில் எழுதிக்கொண்டார். தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கியதும், "இன்னிக்கு சாமி முன்னாடி இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கினு வரேன்" என்று பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சாமிக்கு எதற்கு அவ்வளவு நகப்பாலிஷ் வாசனை என்று வனஜா மட்டும் கேட்டாள்.

மெஷின் வீட்டுக்கு வந்த முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. எழுதினால் எழுதியது, பாட்டுப் போட்டால் பாடியது. பந்தயத்தைத் திறந்தால் மட்டும் பத்தாவது நிமிஷம் திரையில் கோடு கோடாக விழுந்து கார் அப்படியே உறைந்துபோனது. அணைத்துப் போட்டால் மறுபடி பத்து நிமிஷம்.

அப்பா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "புதுசுதானே இது?"

"புதுசுதான்பா. நீதானே வாங்கின."

"வாங்குனது புதுசு. பூட்டுனது?"

ஆரோக்கியமேரி வீட்டுக்கு வந்தாள். சூடாகிறதோ என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தாள். அப்போதும் கார் நின்றது. கடையிலிருந்து கொண்டுவந்த பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தாள். நின்றது. மெமரியைக் கழற்றி வேறு மெமரி போட்டாள். அதற்கும் நின்றது. அவள் தொட்ட ஒவ்வொன்றையும் அப்பா கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தார். வெளியே எடுத்தது, உள்ளே போனது, பைக்குள் போனது. அவருடைய உதடு அசைவதை கிரிஜா பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேபினெட் சிக்ஸ் சீட்டரில் கடைக்குப் போனது. மறுநாள் மதியம் கிரிஜா போனபோது பின்பக்க மேசையில் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக ஓடுகிறதாம்.

"இன்னாக்கா பண்ணீங்க?"

"கார்டோட பல்லுல என்னமோ பிசுக்கு. ஸ்பிரிட் போட்டு, பென்சில் ரப்பரால தேச்சேன், அவ்வளவுதான். பூட்டும்போதே நான் பாத்திருக்கணும்." பல் என்று அவள் சொன்னது கார்டின் ஓரத்தில் ஸ்லாட்டுக்குள் இறங்கும் தங்கநிறப் பட்டைகளை. கிரிஜா அதற்குமேல் கேட்கவில்லை. பந்தயத்தில் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் கோணிப்பை விரித்து, கேபினெட்டைப் படுக்கவைத்து, கார்டை உருவினார். திருப்பினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு கிரிஜாவைக் கூப்பிட்டார்.

"மாத்திட்டா."

"நம்பர் அதேதானேப்பா இருக்கு."

"ஸ்டிக்கர்தானே. பேத்து ஒட்டுனா முடிஞ்சுது."

"முன்ன நின்னுச்சு, இப்ப ஓடுது. கெட்டதை எடுத்துட்டு நல்லதையா வெச்சிருப்பாங்க?"

"அதான் கேக்கறேன். மாத்தாம எப்படி ஓடும்?" என்றார். அப்பாவின் சந்தேகத்துக்கு எல்லாப் பக்கமும் கதவு இருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு கதவு வழியாக உள்ளே போய்விடும்.

அப்போதே கிரிஜாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் டெப்போக்காரர்.

"என் கார்டு எங்கம்மா?"

"உங்க வீட்லதானேண்ணா இருக்கு."

"அது என்னுதில்ல. என்னுதுல செவப்புப் பொட்டு இருந்துச்சு."

ஆரோக்கியமேரி ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள். "எந்த எடத்துல?"

"பின்பக்கம். தங்கப் பல்லுல. உள்ள போயிட்டா யார் கண்ணுக்கும் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். "அண்ணா, அந்தப் பொட்டாலதான் மெஷின் படுத்துச்சு. அந்தப் பல்லு வழியாத்தான் கரண்டு போவணும். அது மேல பாலிஷ் பூசுனா எப்படிப் போவும்? பிசுக்குன்னு நான்தான் தேச்சு எடுத்தேன். பாப்பாகிட்டகூட சொன்னேனே."

இருவரும் கிரிஜாவைப் பார்த்தார்கள். ஜெராக்ஸ்காரர்களும் பார்த்தார்கள்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அப்பா தன் கையாலேயே புது மெஷினைக் கெடுத்தவர் ஆகிவிடுவார். அது மட்டும்தான் காரணம் என்று பின்னாளில் அவள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த நிமிஷத்தில் இன்னொரு குரலும் உள்ளே கேட்டது. ஒருவேளை நிஜமாகவே மாற்றிவிட்டு, முன்கூட்டியே பிசுக்குக் கதையைச் சொல்லி வைத்தாளோ? அது அப்பாவின் குரல். அவள் தொண்டைக்குள் இருந்தது. கிரிஜா தெருவைப் பார்த்தாள்.

"மாட்டிக்கினப்புறம் நல்லா கதை சொல்ற" என்றார் அப்பா. ஆனால் படியிறங்கும்போது அவர் ஒரு கணம் நின்றதை கிரிஜா கவனித்தாள்.

திங்கட்கிழமை டெப்போ கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் அவர் அதைச் சொன்னார். சத்தம் போடவில்லை. கார்டு மாறிவிட்டது என்று மட்டும் சொன்னார். எண்ணுவதில் அவர் பிசகியதில்லை. "வசந்தகுமார் பாத்துச் சொன்னா பக்காதான்" என்றாராம் பட்டாபிராமன். எட்டு வீடுகளில் ஒன்றுகூட ஆரோக்கியமேரியிடம் வரவில்லை. எல்லாரும் பிம்ப்ரிக்குப் போனார்கள். முன்பு பூட்டிக்கொண்ட நான்கு வீட்டாரும் தங்கள் மெஷின்களைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே எதைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

தீபாவளி கழிந்து ஒரு மாலை, லோட் ஷெட்டிங்கில் கரண்டு போயிருந்தபோது, கிரிஜா தூசி தட்டலாம் என்று மெஷினைத் திறந்தாள். கார்டை உருவிவிட்டு டார்ச்சை ஸ்லாட்டுக்குள் அடித்தாள். குறுகலான பள்ளத்தின் அடியில், கம்பிகளுக்கு நடுவே, இரண்டு சிவப்புத் துணுக்குகள். பூண்டுத் தோல் கிழிசல் அளவு.

அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் டெப்போ பூதக்கண்ணாடியை எடுத்துவந்து நெடுநேரம் பார்த்தார். அவர் கார்டில் வைத்த பொட்டு, ஆரோக்கியமேரி தேய்த்து எடுக்குமுன்பே ஸ்லாட்டில் உரசி உதிர்ந்ததன் மிச்சம் அது. அந்தச் சிவப்பு அந்த ஒரு வீட்டைத் தவிர வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. கையிலிருந்த கார்டின் பல் இடுக்கிலும் பூதக்கண்ணாடியில் மயிரிழை அளவு அதே சிவப்பு தெரிந்தது; மாறாத கார்டுதான். அவர் கார்டைத் தானே பொருத்தி, மூடியைப் போட்டு, நான்கு ஸ்குரூவையும் முடுக்கினார். ஏற்கெனவே இறுகிய ஸ்குரூவை மறுபடி முடுக்கினார்.

"கேன்டீன்ல சொல்லுப்பா" என்றாள் கிரிஜா.

"சொல்றேன். நேரம் வரட்டும்."

"அவங்க பொழப்புப்பா."

"என்னுது இன்னா? நானே தப்பா எண்ணிட்டேன்னு என் வாயால சொன்னா, அப்பால நான் பெயின்ட் வெச்ச பெட்டிய எவன் நம்புவான்?"

அதன்பிறகு அவர் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்கவில்லை. நகப்பாலிஷ் குப்பி காய்ந்து கட்டியாகி அலமாரியில் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் போகப் பஜார் வழி ஐந்து நிமிஷம்தான். அவர் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் சுற்றிப் போக ஆரம்பித்தார். மழைக்காலச் சேற்றிலும் அப்படியே. கிரிஜாவுக்கு இப்போது அப்பா மேலேயே சந்தேகம் வந்தது. கடைப் படியில் நின்ற அந்த ஒரு கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதோ? தெரிந்துகொண்டே திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போனாரோ? கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்பார்.

2007இல் அவர் ஓய்வு பெற்றார். விழா அதே கேன்டீன் ஹாலில். அன்று மட்டும் குடும்பத்தார் பெயரைப் பட்டியலில் எழுதி உள்ளே விட்டார்கள். சால்வை போட்டு, பட்டாபிராமன் பேசி முடித்து, மைக்கை அப்பாவிடம் கொடுத்தார்கள்.

"இந்த ஹால்ல நான் ஒருவாட்டி ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தார். கிரிஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வனஜா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் முன்வரிசையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவருடைய பெயின்ட் பொட்டை நம்பிய முகங்கள். சால்வையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாருக்கும் நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

2009இல் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காரியம் முடிந்து, புனேயின் கராடியில் கம்ப்யூட்டர் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், கிரிஜா பஜார் வழியாகப் போனாள். கடையில் இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், மொபைல் ரீசார்ஜ். பின்பக்க மேசை இல்லை. ஆரோக்கியமேரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பற்றி, அம்மாவைப் பற்றி விசாரித்தாள்.

"அக்கா, அந்தக் கார்டு விஷயம். ஸ்லாட்டுக்குள்ள செவப்பைப் பார்த்தோம். அப்பாவும் பார்த்தாரு. எனக்கும் அன்னிக்கே…"

"தெரியும்" என்றாள் ஆரோக்கியமேரி. "உங்கப்பா எதிர்ல வந்தா அந்தப் பக்கம் திரும்பிப் போவாரு. நான் சொன்னது பொய்னு நெனச்சிருந்தா நேராதான் வந்திருப்பாரு."

"எங்களை மன்னிச்சிடுங்க…"

"என்கிட்ட சொல்லி இன்னா பாப்பா பண்றது? எனக்குத்தான் ஆரம்பத்துலயே தெரியுமே. அவரு சொன்னது கேன்டீன்ல. அங்கதான் இன்னும் அது அப்படியே இருக்குது." பிறகு, லேமினேஷன் மெஷினுக்குள் ஒரு காகிதத்தைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். "கார்டு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

கிரிஜா அங்கிருந்து நேராக டெப்போ வரை நடந்தாள். சாப்பாட்டு மணி அடித்து, ஆட்கள் கேன்டீன் பக்கம் போவது கம்பி வேலிக்கு அப்பால் தெரிந்தது. பாதிக்குமேல் புது முகங்கள். பட்டாபிராமன் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. விழா நாளன்று அந்த மைக் தன் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்ததை அவள் நினைத்துக்கொண்டாள்.

கேட்டில் நின்ற காவலர் கையை நீட்டிப் பாஸ் கேட்டார். அவளிடம் இல்லை.