எண் போடாத மாறிலி

பெருவிரலை மெத்தைக்குள் ஆழமாக அழுத்தி, வெடுக்கென்று எடுத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார் ஹூரியா. குழி மெல்ல மேலே வருகிறது. முக்கால்வாசி வந்ததும் கொஞ்சம் தயங்குகிறது. பிறகு மீதியும் நிரம்புகிறது. அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்த மெத்தைக் கடைக்காரருக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. இந்த அம்மா வாங்க வந்தவரில்லை.

"மேடம், போன வாரமும் இதே மெத்தையத்தான் குத்திப் பாத்தீங்க."

"போன வாரம் சுறுசுறுப்பா எழும்புச்சு. இப்ப சோம்பலாயிடுச்சு. யாரோ இதுல படுத்துத் தூங்கியிருக்காங்க."

கடைக்காரர் விரிப்பை இழுத்து மெத்தையை மூடினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் படுப்பது அவர்தான்.

மெத்தை என்று இல்லை. அடுத்த வீட்டு சோஃபா, ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவு, நாத்தனார் பேரனின் கன்னம், எது கைக்கு எட்டினாலும் ஹூரியா பெல்காசெம் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுவார். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ரப்பர், மாவு, பஞ்சு போன்றவற்றுக்கு ஞாபகம் உண்டு என்பது அவருடைய தொழிலின் அடிப்படை. நேற்று எப்படி இழுபட்டோம் என்பதை அவை இன்றைக்கும் மறப்பதில்லை. அப்படி ஒரு பொருளை உலுக்கிவிட்டால் அதில் ஓடும் அலை கடைசியில் அடங்குமா, அடங்கினால் எவ்வளவு வேகத்தில் அடங்கும், இல்லை பெருத்துக்கொண்டே போய் வெடித்துவிடுமா? அவ்வளவுதான் ஆராய்ச்சி. அடங்குமா அடங்காதா என்று பார்க்க ஒரு ஆயுளா என்று கேட்கிறவர்களை, மாமியாரோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணிவிட்டு வந்து கேட்கச் சொல்வார்.

அல்ஜீரியாவில் கணிதத் துறை உள்ள ஊர் எதை எடுத்தாலும் இந்த வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால் குழந்தை குட்டிகளை விசாரித்த கையோடு, "உன்னோடது எவ்வளவு வேகமா அடங்குது?" என்றும் கேட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் கூஸ்கூஸ் சாப்பிடுகிறவர் ஏதோ வியாதி என்று நினைத்துக் கையை உயர்த்தி துஆ செய்த கதையும் உண்டு.

மனிதர்களையும் ஹூரியா இதே தராசில்தான் நிறுப்பார். கணவர் ஸ்லிமான் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அவர் கோபம் காப்பி ஆறுவதற்குள் ஆறிவிடும். நாத்தனார் ரகம் வேறு. "அவ கோபமும் அடங்கும். ஆனா நோன்புப் பெருநாளைக்குப் போட்ட சண்டை ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் ஆறும்" என்பார். அதிர்வு அடங்குவதைப் பற்றி உலகத்துக்கே எழுதுகிறவரின் காரில் அதிர்வு தாங்கி செத்துப் பல காலமாகிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

"மேடம், இந்த வண்டி இங்க ஒரு குழில விழுந்தா கோன்ஸ்தந்தீன் வரைக்கும் ஆடிக்கிட்டே போகுது" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார்.

"கோன்ஸ்தந்தீன்ல நின்னுடுதுல்ல? அப்ப சரி."

வகுப்பில் அவருக்கு ஒரு வினோதப் பழக்கம். பலகையில் எழுதிக்கொண்டே இருப்பவர், சாக்குக்கட்டி தேய்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் ஏதாவது வந்து விழ வேண்டும். முன்வரிசை மாணவர்கள் பதறிப்போய் எதையாவது வைப்பார்கள். பேனா வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கடித்து மீதி வைத்த பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள்; ஹூரியா அதைக்கொண்டு அரை வரி எழுதவும் முயன்றார்.

அந்தக் கை தேடுவது அதே துறையில் இருக்கும் ரபாஹ் ஸெர்ரூக்கை. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். ஹூரியா பலகையில் முன்னால், ரபாஹ் பின்னால். முழுக் கட்டி கிறீச்சிடும் என்பதால் ரபாஹ் அதை இரண்டாக ஒடித்துப் பாதியை நீட்டுவார். இப்போது இருவர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ரபாஹ் இருமினால் ஹூரியாவின் மேசைக்குக் கேட்கும். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. நடைபாதையில் எதிர்ப்பட்டால் ஹூரியாவுக்கு உடனே கைப்பையில் சாவி தேட வேண்டியிருக்கும்.

சண்டை ஒரு மாறிலியால் வந்தது. மாறிலி என்றால் இவர்கள் பாஷையில் ஒரு வேலி. அதிர்வு இதைத் தாண்டாது என்று நட்டு வைப்பது. ஒரு நிரூபணத்துக்குள் இப்படிப் பல வேலிகள் வரும். ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டு, C1, C2, C3 என்று தனித்தனியாகக் காட்டுவது ரபாஹின் வழக்கம். ஹூரியாவுக்கு எல்லாமே வெறும் C. முதல் பக்கத்தில் 'C என்பது ஒரு மாறிலி. அது வரிக்கு வரி மாறலாம்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. மாறாதது என்று பெயரும் வைத்து, மாறிக்கொள் என்று அனுமதியும் கொடுப்பது இந்தத் தொழிலில் மட்டும்தான் செல்லும்.

"ஒரே குடும்பம், ஒரே பேரு. ஆளாளுக்கு நம்பர் குத்தறதுக்கு இது என்ன ஆட்டுச் சந்தையா?" என்று ஹூரியா கேட்பார்.

அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. ஏதோ ஒரு பக்கத்து C, காலம் போகப் போகத் தானும் வளர்கிறதாம். வேலியும் ஆட்டின் கூடவே நடந்தால் அது வேலியா? எத்தனை காலமானாலும் அடங்கும் என்று சொன்ன முடிவு முழுவதும் சரிந்தது. அந்த C-யை எழுதியது யார் என்று தேடினால் எல்லா C-யும் ஒரே ஜாடை. நீதான், நீதான் என்று இருவரும் கத்தினார்கள். கடைசியில் ரபாஹ் துறையின் காப்பி அறையில் அத்தனை பேர் முன்னாலும், "இவங்க C-க்குள்ள ஒட்டகமே புகுந்து போகலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹூரியா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். கட்டுரை அப்படியே கிடப்பில் விழுந்தது.

இந்தக் குளிர்காலத்தில் மொக்தாரின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு வந்தது. மொக்தார் பள்ளிக்கூட வாத்தியார். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஹூரியாவிடம் முனைவர் பட்டத்துக்கு உழைத்து, தலை நரைத்தே விட்டது. தேர்வுக் குழுவில் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். மொக்தாரின் சமன்பாட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஹூரியாவை விட்டால் ரபாஹ் ஒருவர்தான். வேறு வழியில்லை.

தேர்வன்று காலையில் வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே ஸ்லிமான் சொன்னார்: "உன் அலையெல்லாம் அடங்கிடுச்சு. உன் கோபம் மட்டும் அடங்கலியே ஹூரியா."

"அடங்கும். எவ்வளவு வேகத்துலன்னுதான் நிரூபிக்க முடியல."

அரங்கத்தில் முன்பாதி கணிதம், பின்பாதி மொக்தாரின் சொந்தபந்தம். தேர்வு முடிந்ததும் ஊருக்கே விருந்து வைப்பது வழக்கமாதலால், தேனில் ஊறிய மக்ரூத் இனிப்புத் தட்டுகள் கடைசி வரிசை நாற்காலிகளில் மனிதர்களோடு மனிதர்களாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் காவல் மொக்தாரின் மாமியார் லல்லா குல்தூம். ரபாஹ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முடிந்தது என்று நினைத்த லல்லா குல்தூம் குலவையிட்டுவிட்டார். கூரை அதிர்ந்து அடங்கும் வரை ரபாஹ் காத்திருந்தார்.

"மொக்தார், ஒரே ஒரு கேள்வி. மூணாம் அத்தியாயத்துல, கடைசித் தேற்றத்துக்கு முன்னால ஒரு C வருதே. அது என்ன?"

"அது ஒரு மாறிலிங்க. வரிக்கு வரி மாறலாம்."

"வரிக்கு வரி மாறட்டும்பா. நாளுக்கு நாள் மாறுதான்னு கேக்கறேன்."

மொக்தார் ஹூரியாவைப் பார்த்தார். ஹூரியா தாளைப் பார்த்தார். முந்தைய வரியில் காலத்தைக் குறிக்கும் T ஒன்று இருந்தது. அடுத்த வரியில் அது இல்லை. C அதை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பழைய கட்டுரையில் வந்த அதே தப்பு. இத்தனை முறை படித்தும் அவர் கண்ணில் அது படவில்லை.

கோன்ஸ்தந்தீனிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் ஹூரியாவின் பக்கம் திரும்பினார். 'வழக்கமான மாறிலிதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மக்ரூத் வெளியே வரும். உண்மையைச் சொன்னால் மொக்தாரின் பட்டம் அந்தரத்தில் தொங்கும். ஒட்டகம் நுழைகிற C என்று ரபாஹ் சொன்னதை ஊரறிய ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். ஹூரியாவுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வரும் போலிருந்தது.

"வளருது," என்றார் எழுந்து. "ரபாஹ் சொல்றது சரி. தப்பு மொக்தாரோடது இல்ல, அவர் என்கிட்ட கத்துக்கிட்டது."

பலகைக்குப் போய் அந்த வரியை எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கட்டி தேய்ந்து நகம் பலகையில் பட்டது. நாற்காலி நகர்ந்து, யாரோ பின்னால் வந்து நின்றார்.

"எதுக்கு இவ்வளவு தூரம் சுத்தறே? ஆரம்பத்துல இருந்த ஆற்றலை எடு" என்றது ரபாஹின் குரல்.

"எடுத்து?"

"அது குறைஞ்சுக்கிட்டேதானே வருது? முதல் நாள் இருந்ததுக்கு மேல என்னைக்குமே போகாதே. வேலிய அங்கேயே நட்டுடு."

ஹூரியா நின்றார். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். T தேவையே இல்லை. தேற்றம் நின்றுவிட்டது. தூசி மூடிக் கிடக்கும் பழைய கட்டுரையும் சேர்ந்தே எழுந்து நின்றுவிட்டது.

"நம்மளோடதும் இதே வரிலதானே விழுந்துச்சு" என்றார் திரும்பாமல். "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்கு நீ கத்திக்கிட்டு இருந்தே."

"நீ மட்டும் பாட்டா பாடிட்டு இருந்தே?"

கடைசி வரிசையில் லல்லா குல்தூம் மகளின் காதில் கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியாடி?"

"இல்லம்மா. கணக்கு வாத்தியாருங்க."

"அதானே பாத்தேன். புருஷன் பொண்டாட்டின்னா இந்நேரம் வேற சண்டைக்குப் போயிருப்பாங்க. ஐயா, முடிஞ்சுதா? தேன் இறுகுது!"

"ஒரே ஒரு வரிம்மா" என்றார் ரபாஹ். தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மொக்தார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாக உட்கார்ந்தார்.

ஹூரியாவின் இடது கை தானாகவே பின்னால் நீண்டது. டப்பென்று ஒடிகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையில் பாதிச் சாக்குக்கட்டி வந்து விழுந்தது. அவர் விரல்கள் அதை மூடிக்கொள்ளச் சிறிது நேரமாயிற்று.

பிறகு கடைசி வரியை எழுதினார். முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டார். கீழே இறங்கப் போனவர் நின்று, பலகையிடம் திரும்பி வந்து, அந்த C-யின் காலடியில் பொடியாக ஒரு 1 போட்டார்.