அக்காவுக்கு நான் ஊற்றிய டானிக்

அந்த டானிக் பாட்டிலின் மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்பக்கம் இரண்டு கோடுகள். மேல்கோடு வரை ஊற்றி, காலையும் மாலையும் அக்காவிடம் நீட்டியவள் நான்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பாட்டிலில் ஒட்டியிருந்த ஆங்கிலத்தைப் படித்து, "இரும்புச்சத்தும்மா, ரத்தம் ஊறும்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னவளும் நான்தான்.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். பூந்தமல்லியில் பஸ் ஏறும்போதே அவளுக்கு மூச்சு வாங்கும். சின்ன வயதிலிருந்தே வெளிறிய முகம், மஞ்சள் பாய்ந்த கண். கரையான்சாவடியில் நாங்கள் பார்த்த டாக்டர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்ப்பார், டானிக் எழுதுவார். ஐந்து வருடம் அதே டானிக். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்ததில்லை. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்த நாளிலிருந்து, டானிக்கோடு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறும் கொடுத்தேன். "போதும் வுடுடி டீச்சரம்மா, பல்லு கூசுது" என்பாள். நான் விடவில்லை.

அக்கா தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்த பிறகுதான், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தலசீமியா. அப்பா, அம்மா இருவர் வழியாகவும் பிறக்கும்போதே வந்த ரத்தக் கோளாறு. அவள் உடம்பில் குறைந்திருந்தது ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். இரும்பு குறையவே இல்லை. மிஞ்சிப்போய், இதயத்தில் படிந்து அதைத் தளர்த்தியிருந்தது.

"இவங்களுக்கு இரும்பு டானிக் யார் கொடுத்தது?" என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "நானேதான் வாங்கிக் குடிச்சேன்" என்றாள்.

மறுநாளே கரையான்சாவடிக்குப் போனேன். கம்பவுண்டர் வாசலிலேயே மறித்தார். "இன்னாம்மா சவுண்டு வுடற? மாசாமாசம் நீதான வந்து வாங்கிகினு போன? படிச்ச பொண்ணுதான நீ, தெரியாதா?" உள்ளே டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. நான் படித்தது பத்தாம் வகுப்பு. அவர் படித்தது அவர் தலைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அக்கா அந்த வருட ஆடி மாதத்தைத் தாண்டவில்லை. வயது இருபத்தாறு.

போன வாரம் மருந்துக்கடையில் ஓர் அம்மா, வெளிறிப்போயிருந்த மகளைக் காட்டி, "ரத்தம் ஊறுற மாதிரி ஒரு டானிக் குடு நைனா" என்றார்.

"ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"யாவாரத்தக் கெடுக்காதம்மா" என்றபடி கடைக்காரர் பாட்டிலை வைத்தார். மேலே அதே மூடி. எட்டி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். அவர் கத்தினார், நானும் அக்காவுக்கு நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு எதிரிலிருந்த பரிசோதனை நிலையத்தின் படி ஏறும்வரை மூடியைக் கொடுக்கவில்லை.