அக்காவுக்கு ஏறிய எடை

அக்கா நடந்தால் சமையலறை ஸ்டாண்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். தெலுங்கு பேசும் ஊரான மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் தரை மேடும் பள்ளமுமானது, ஸ்டாண்டின் ஒரு கால் எப்போதும் ஆடும். அக்காவும் நல்ல பாரி, கனத்த உடம்புக்காரி. முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தாலும் அவள் வருவது எனக்குத் தெரிந்துவிடும்.

சினைப்பையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அடுப்பிலிருந்து திரும்புவேன், பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி பாக்குற?"

"சொல்லிட்டு வாயேன்க்கா."

"எங்கூட்டு சமையல்கட்டுக்கு நான் சொல்லிட்டு வரணுமா?"

எதிர்வீட்டுத் தெலுங்கம்மா ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இளைத்துவிட்டீர்களே, என்ன டயட் என்று கேட்டார். விஷயம் தெரியாமல்தான் கேட்டார். "நக்கோம்மா, இந்த டயட்டு உங்களுக்கு வேணாம்" என்று அக்கா சிரித்தாள். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு இல்லை.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். புருஷன் போன பிறகு அக்கா வீட்டோடு இருக்கிறேன். படிக்காமல் மிச்சமான நேரத்தையெல்லாம் கவலைப்படுவதற்கு ஒதுக்கிவிட்டேன் என்று மாமா, அதாவது அக்கா புருஷன், கேலி செய்வார். உண்மைதான். குண்டானவர்களை இந்த நோய் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று போனில் ஒரு வீடியோ. சதை இருப்பவர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள் என்று இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் எடை மெஷின் கட்டிலடியில் தூசி படிந்து கிடக்கும், அக்கா அதன் பக்கமே போகமாட்டாள். இப்போது தினமும் காலையில் அதில் ஏறினாள். மாமா குனிந்து எண்ணைப் படித்துச் சொல்வார். கொஞ்ச நாள் இறங்கிக்கொண்டே போன எண் ஒருநாள் நின்றது. பிறகு ஏற ஆரம்பித்தது.

மாமா லாலாகுடா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் வழியில் டபுள் கா மீட்டா என்ற ரொட்டி இனிப்பு வாங்கிவந்தார். "தேறிட்டாம்மா உங்கக்கா" என்று எனக்கும் ஊட்டப் பார்த்தார். அக்கா ஒரு துண்டை வாங்கக் கையைத் தூக்கினாள். வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை சரசரவென்று ஓடின. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் புடவை கட்டிவிடும்போது பார்த்தேன். பாவாடை நாடா இடுப்பில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. தோளெலும்பு தனியாகத் தெரிந்தது. எடை ஏறுகிறது, ஆனால் கையிலும் இல்லை, முகத்திலும் இல்லை. அப்படியென்றால் தினமும் அவளோடு அந்த மெஷினில் ஏறி நிற்பது யார்?

மாமாவிடம் சொன்னேன். "நீ மழ பெஞ்சாலும் பயப்படுவ, பெய்யாட்டியும் பயப்படுவ. அடுத்த மாசம் செக்கப் இருக்குல்ல."

மறுநாள் மத்தியானம் தம்ளர்கள் மறுபடி கிணுகிணுத்தன. எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! சந்தோஷமாகத் திரும்பினேன். வயிறும் அழுத்தி வைக்கும் காலும் பழைய அக்கா. கழுத்தும் முகமும் நான் பார்த்தே இராத யாரோ ஒருத்தி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வாய் தின்னாலே நெறஞ்சிருதுடி. எனக்கு முன்னாடியே உள்ள யாரோ சாப்ட்டுட்ட மாதிரி இருக்கு."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அழுதேன். மாமா முகத்தைச் சுளித்தார். "அவ கூப்பிடுறா, போலாம்" என்றாள் அக்கா. "அவ பயப்படலன்னாதான் எனக்குப் பயம்."

ஸ்கேனில் வயிறு முழுக்க நீர். நோய் திரும்பியிருந்தது. மெஷின் காட்டியது அந்த நீரின் கனம். அடியில் சதை கரைந்துகொண்டிருந்ததாம்.

டாக்டரம்மாவிடம் என் கேள்வியைக் கேட்டேவிட்டேன். குண்டாக இருந்ததால் அவள் தப்பிப்பாளா, மாட்டாளா? அவர் எனக்குப் புரியும்படி நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆராய்ச்சி செய்தவர்களே ஒத்துப்போகவில்லை. உடல் பெருத்திருந்தால் ஆபரேஷனில் சிரமம் உண்டு. ஆனால் இப்போது பார்க்கவேண்டியது தசை. அது கரைந்தால் மருந்தைத் தாங்குவது கஷ்டம். பெரிய உடம்பில் அது கரைவது வெளியே தெரியாது. எடையை மட்டும் நம்பாதீர்கள்.

வயிற்றில் ஊசிக்குழாய் வைத்து நீரை வடித்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில், சத்தமில்லாமல், பாட்டில் பாட்டிலாக. அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுக்காடி உங்க மாமா ஸ்வீட் வாங்கினாரு?" மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. கீழே ஆள் இருப்பதற்கான மேடே இல்லை. வேறெங்காவது கொண்டுபோய்விட்டார்களா? போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

இரண்டு கண்கள் திறந்தன.

"இங்கதான்டி இருக்கேன்."

பிடித்த போர்வையை நான் விடவில்லை. அவள் என்னையும் கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

"திங்க ஏதாச்சும் வாங்கினியா? பசிக்குது."

எத்தனையோ வாரம் கழித்து அந்த வார்த்தை. கேன்டீனுக்கு ஓடினேன். இட்லியும் அவித்த முட்டையும் கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொரு வாயாக மென்று விழுங்குவதை, கன்னம் அசைவதை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.